அலைஞ்ச நாளுக்கு யாருங்க கூலி தர்றது?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்த விஷயம் இது. செமஸ்டர் முடிஞ்சு இப்பதான் நேரம் கிடைச்சுது. கொஞ்சம் பெரிசாப் போகும், பொறுத்துக்குங்க மக்களே.

வேலைநாள்ல "ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்"னு வீட்டை விட்டுக் கிளம்பின யாராவது, அந்த ஒரு எட்டுலயே வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போனா கரண்ட் இருக்காது. கரண்ட் இருந்தா மிஷின்ல பேப்பர் சிக்கியிருக்கும். ரெண்டும் சரியா இருந்தா 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை இருக்காது. பேங்க்ல நூல் கட்டி வெச்சிருக்கிற பேனா எழுதாது. எழுதுற நம்ம பேனாவை "ஒரு நிமிஷம் தம்பி"ன்னு வாங்கினவர், செலானைப் பூர்த்தி பண்ணி, பாக்கெட்ல பேனாவைச் சொருகிட்டு, வீட்டுக்கே போயிருப்பார். போட்டோ ரெண்டு கொண்டு போனா மூணு கேப்பாங்க. மூணு கொண்டு போனா "போட்டோ எல்லாம் இப்ப வேண்டாங்க, இங்கேயே எடுத்துக்குவோம்"பாங்க. இதுக்கு நடுவுல செருப்பு வாரு அறுந்துபோகும். (அது மட்டும் எப்படித்தான் வெயில் உச்சியில இருக்கும்போது கரெக்டா அறுதோ!)

இதுக்கெல்லாம் நம்ம ஊர்ல ஒரே பேர்தான்: "நேரம் சரியில்லை." கொஞ்சம் படிச்சவங்க இதையே மர்பி விதிம்பாங்க. தப்பாப் போகக்கூடியது எதுவோ அது கண்டிப்பா தப்பாப் போகும்கிற அந்த விதி. 1949-ல அமெரிக்க விமானப்படையில இருந்த எட்வர்ட் மர்பிங்கிற எஞ்சினீயர் பேர்ல வந்தது அது. நாம அதை ஜோக்கா எடுத்துக்கிட்டோம். ஆனா எஞ்சினீயர்கள் அதை அப்படி எடுத்துக்கலை. "ஒரு ஒயரைத் தப்பா மாட்ட வழி இருந்தா யாராவது தப்பா மாட்டத்தான் செய்வாங்க, அதனால தப்பா மாட்டவே முடியாத மாதிரி செய்"னு எடுத்துக்கிட்டாங்க. என் கட்சியும் கிட்டத்தட்ட அதுதான். நாம விதின்னு சொல்லித் தாங்கிக்கிற அலைச்சல்ல பாதி, தப்பாப் போறதுக்குன்னே ஏற்பாடு பண்ணி வெச்ச மாதிரி இருக்கு. அந்த ஏற்பாட்டோட செலவை யார் கட்டறாங்கங்கிறதுதான் என் கேள்வி.

முதல்ல நிஜமாவே அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்டதைத் தள்ளி வெச்சுடுவோம். செருப்பு வாரு, பஞ்சர், திடீர் மழை இதெல்லாம் யார் மேலயும் பழி போட முடியாதது. "நான் நிக்கிற வரிசை மட்டும் நகராது"ன்னு புலம்புறோமே, அதுவும் இந்த லிஸ்ட்தான். மூணு வரிசை இருக்கு, எல்லாம் ஒரே மாதிரின்னு வெச்சுக்குங்க. நம்ம வரிசை சீக்கிரம் போறதுக்கு மூணுல ஒரு பங்குதான் வாய்ப்பு. மீதி ரெண்டு பங்கு, பக்கத்து வரிசைதான் சீக்கிரம் போகும். இதுல சதி ஒண்ணும் இல்லை, வெறும் கணக்கு. எல்லாரையும் ஒரே வரிசையா நிக்க வெச்சு, காலியாகிற கவுண்டருக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டா இந்தப் புலம்பலே இருக்காது. டோக்கன் சிஸ்டம் அதைத்தான் செய்யுது.

இப்ப ரெண்டாவது வகைக்கு வருவோம். அதுக்கு எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லியாகணும்.

எங்க ஊர் திருப்பூர். அம்மா ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். இங்க பெரும்பாலும் மாசச் சம்பளம் கிடையாது, ஷிப்ட் கணக்குதான். சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. வராத அரை ஷிப்டுக்கு அரைக் கூலி போயிடும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு ஷிப்டுக்கு 420 ரூபாய்.

போன வருஷம் அம்மாவோட பேங்க் அக்கவுண்டை நிறுத்தி வெச்சுட்டாங்க. காரணம் கே.ஒய்.சி புதுப்பிக்கலையாம். 2023 செப்டம்பர்ல தொடங்கின மகளிர் உரிமைத் தொகை, மாசம் 1000 ரூபாய், அந்த அக்கவுண்டுக்குத்தான் வருது. மூணு மாசப் பணம் உள்ளே கிடக்கு, எடுக்க முடியலை. எனக்கோ பரீட்சைப் பீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். பேங்க்ல விசாரிச்சா, "அக்கவுண்ட்காரங்க நேர்ல வரணும்"னுட்டாங்க.

செவ்வாய்க்கிழமை அம்மா அரை ஷிப்ட் பெர்மிஷன் போட்டாங்க. நானும் கூடப் போனேன். முக்கால் மணி நேரம் நின்னு கவுண்டருக்குப் போனா, "பான் கார்டு எங்க?" அம்மாவுக்குப் பான் கார்டு கிடையாது. அப்ப 60-ம் நம்பர் படிவம் கொடுக்கணுமாம். அந்தப் படிவம் பேங்க்ல தீர்ந்துபோச்சு, வெளியில ஜெராக்ஸ் கடையில வாங்கிக்கணுமாம். அந்தத் தெருவுல அன்னிக்குப் பராமரிப்பு வேலைன்னு காலையில இருந்தே கரண்ட் இல்லை. ரெண்டு தெரு தள்ளிப் போய் வாங்கிட்டு வந்தா, புது போட்டோ வேணும்னாங்க. போட்டோ எடுத்துட்டு வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு. "நாளைக்கு வாங்கம்மா."

அம்மா கேட்டாங்க: "ஏனுங்க மேடம், இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருந்தா ஒரே தடவையா கொண்டாந்திருப்பேனுங்களே?" அந்த மேடம் பாவம், நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. அம்மாவுக்குப் பின்னாடி இன்னும் இருபது பேர்.

வியாழக்கிழமை மறுபடி அரை ஷிப்ட். பஸ் போயிடுச்சுன்னு ஆட்டோ. எல்லாப் பேப்பரும் கையில இருக்கு. ஆனா சர்வர் டவுன். பன்னெண்டரைக்கு சர்வர் வந்துச்சு. ஆதார் நம்பர் போட்டாங்க, ஓ.டி.பி அப்பா நம்பருக்குப் போச்சு. (ஆதார் எடுத்த காலத்துல எங்க வீட்ல இருந்ததே ஒரு போன்தான்.) அப்பா லோடு ஆட்டோ ஓட்டறவர். பல்லடம் ரோட்ல எங்கேயோ வண்டி ஓட்டிட்டு இருந்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதீங்கன்னு தினமும் அவருக்குப் பாடம் எடுக்கிறது நான்தான். மனுஷன் அன்னிக்குன்னு பார்த்து அதைக் கரெக்டாக் கடைப்பிடிச்சார்! மூணு தடவை ஓ.டி.பி காலாவதி. நாலாவது தடவை அவரே வண்டியை ஓரங்கட்டிட்டுக் கூப்பிட்டார். நம்பரைச் சொன்னார், முடிஞ்சுதுன்னு நினைச்சோம். "மேனேஜர் ஓகே பண்ணணும், அவர் மீட்டிங் போயிருக்கார், சாயங்காலம் ஆயிடும்"னாங்க. பணம் எடுக்க முடிஞ்சது சனிக்கிழமை. பரீட்சைப் பீஸைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டக் கைமாத்து வாங்கித்தான் வெள்ளிக்கிழமை கட்டினோம்.

பி.காம் படிக்கிறவன் சும்மா இருப்பானா? ராத்திரி உக்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்டோ 120. போட்டோ 60. படிவம், ஜெராக்ஸ் 8. டீ, வடை 40. மொத்தம் 228 ரூபாய். இதுவரைக்கும் எல்லா வீட்லயும் எழுதுவாங்க. அதுக்குக் கீழே அம்மாவோட ரெண்டு அரை ஷிப்ட், 420 ரூபாய். ஆக 648. மூவாயிரம் ரூபாயைத் தன்னோட சொந்த அக்கவுண்டில இருந்து எடுக்க, அஞ்சுல ஒரு பங்குக்கு மேல செலவு. இதுல அந்த 420 ரூபாயை யாரும் செலவாவே பார்க்கலை. அம்மாவே பார்க்கலை. "அது கெடக்குது, ரெண்டு நாள் அலைஞ்சாச்சு, முடிஞ்சுதில்ல"ன்னு சொல்லிட்டாங்க.

முதல் வருஷப் பாடத்துல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு சொல்லித் தந்தாங்க. ஒண்ணைச் செய்யறதுக்காக வேற எதை விட்டுக் கொடுக்கிறோமோ, அதோட மதிப்பு. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா அதை மனப்பாடம் பண்ணினப்ப எனக்கு அது பெரிசாத் தெரியலை. அம்மா கூட அந்த பெஞ்சுல உக்கார்ந்திருந்தப்பதான் அது என்னன்னு புரிஞ்சுது.

சரி, "கவுண்டர்ல இருக்கிறவங்க சோம்பேறி"ன்னு எழுதிட்டுப் போயிடலாம்தான். நிறையப் பேர் அப்படித்தான் எழுதறாங்க. ஆனா நான் பார்த்த வரைக்கும் அது உண்மை இல்லை. அந்த மேடம் மதியம் ரெண்டேகாலுக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறந்தாங்க. பிரச்சினை வேற இடத்துல இருக்கு.

டென்மார்க்ல எர்லாங்னு ஒரு கணிதக்காரர் இருந்தார். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பார்த்தவர். எத்தனை லைன் போட்டா ஜனங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வரும்னு யோசிச்சு 1909-ல ஒரு கட்டுரை எழுதினார். வரிசைகளைப் பத்தின கணக்கே அங்க இருந்துதான் ஆரம்பம். அதுல வர்ற எளிமையான ஒரு கணக்கைப் பாருங்க. ஒரே கவுண்டர். ஆட்கள் ஒரு ஒழுங்கில்லாம வர்றாங்க, ஒவ்வொருத்தர் வேலையும் வெவ்வேறு நேரம் எடுக்குது. அந்தக் கவுண்டர்காரருக்கு அவரோட நேரத்துல பாதிக்குத்தான் வேலைன்னா, அங்க சராசரியா ஒருத்தர் இருப்பார். 80 சதவீதம் வேலைன்னா நாலு பேர். 90-ன்னா ஒன்பது பேர். 95-ன்னா 19 பேர்! வேலை 90-ல இருந்து 95 ஆனது கொஞ்சம்தான். கூட்டமோ ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுது.

இதுக்கு என்ன அர்த்தம்? ஒரு ஆளைக் குறைச்சு, இருக்கிற ஆளை மூச்சுவிடாம வேலை வாங்கினா, அந்த ஆபீஸுக்கு ஒரு சம்பளம் மிச்சம். ஆனா அந்த மிச்சம் ஆகாயத்துல இருந்து வரலை. பெஞ்சுல உக்கார்ந்திருக்கிற 19 பேரோட நேரத்துல இருந்து வருது. ஆபீஸ் கணக்குல அது லாபம். 19 வீட்டுக் கணக்குல அது நஷ்டம், ஆனா அந்த வீடுகள்ல யாரும் அதை எழுதி வைக்கிறதில்லை.

இதே கணக்கு நம்ம நாளுக்கும் பொருந்தும். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் 95 சதவீதம் நிரம்பின ஒரு நாள்ல ஒரு பஸ் போச்சுன்னா, அதுக்கு அடுத்ததெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரியுது. அதனாலதான் வேலை அதிகமா இருக்கிற நாள்லயே எல்லாம் தப்பாப் போற மாதிரி தெரியுது. லீவு நாள்லயும் பஸ் போகத்தான் செய்யுது, நாம கவலைப்படறதில்லை, அடுத்த பஸ்ல போறோம்.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. அந்தக் கொஞ்சம் இடைவெளி இருக்கே, அது எல்லார்கிட்டயும் சமமா இல்லை. கம்பெனி முதலாளிக்கு பேங்க் வேலை இருந்தா ஆபீஸ் பையன் போவான். மாசச் சம்பளக்காரர் ஒரு மணி நேரம் பெர்மிஷன்ல போயிட்டு வருவார், சம்பளம் பிடிக்க மாட்டாங்க. ஷிப்ட் கணக்குல இருக்கிறவங்களும், தள்ளுவண்டி வெச்சிருக்கிறவங்களும், கட்டட வேலைக்குப் போறவங்களும்தான் ஒவ்வொரு "நாளைக்கு வாங்க"வுக்கும் ரொக்கமாக் காசு கட்டறாங்க. அவங்களுக்கு ஓய்வு ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு பேங்கும் லீவு. 2015 செப்டம்பர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமையும் பேங்க் லீவு. வேலைநாள்ல கூலியை விட்டுட்டுப் போறதைத் தவிர அவங்களுக்கு வேற நாளே கிடையாது.

"இப்ப எல்லாம் போன்லயே முடிஞ்சுடுதே, நீ எந்தக் காலத்துல இருக்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2016-ல யு.பி.ஐ வந்த பிறகு பணம் அனுப்ப யாரும் வரிசையில நிக்கறதில்லை. 2019 டிசம்பர்ல இருந்து நெஃப்ட்டும் 24 மணி நேரமும் நடக்குது. 2021 மே மாசம் டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு ஆனப்ப அம்மாவுக்குத் தினமும் மிச்சமான காசு எனக்குத் தெரியும். இதெல்லாம் பெரிய விஷயம், மறுக்கலை. ஆனா சுலபமான வேலையெல்லாம் போனுக்குப் போயிடுச்சு, சிக்கலானது மட்டும் கவுண்டர்ல தங்கிடுச்சு. பேர்ல ஒரு எழுத்துப் பிழை, பழைய போன் நம்பர், ஒத்துப்போகாத கையெழுத்து. இந்தச் சிக்கல்லாம் யார்கிட்ட அதிகம்னு நினைக்கிறீங்க? வீட்ல ஒரு போன் மட்டும் இருந்தவங்ககிட்டதான்.

இன்னொண்ணு கேளுங்க, இதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2023 ஜனவரியிலயே ரிசர்வ் வங்கி தெளிவாச் சொல்லியிருக்கு. விவரம் எதுவும் மாறலைன்னா, கே.ஒய்.சி புதுப்பிக்க பேங்குக்கு நேர்ல வர வேண்டியதில்லை, "எதுவும் மாறலை"ன்னு வாடிக்கையாளர் தர்ற உறுதிமொழியே போதும், அதைப் போன் வழியாவோ ஏ.டி.எம் வழியாவோ வாங்கிக்கலாம்னு. பேங்க்ல இருக்கிற பழைய ஆவணம் இப்பச் செல்லாததா இருந்தாத்தான் புதுசு கேக்கணும். அம்மா விஷயத்துல வீடும் மாறலை, பேரும் மாறலை. அவங்க கேஸ் எந்த வகைன்னு எனக்கு யாரும் விளக்கலை. ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னு நாங்க போன ரெண்டு நாளும் ஒருத்தரும் சொல்லலை, சுவத்துல எங்கேயும் ஒட்டியிருக்கலை. லோன் மேளா போஸ்டர் மட்டும் மூணு ஒட்டியிருந்துச்சு.

"நேரத்துக்கெல்லாம் விலை போட முடியுமா?"ன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு உதாரணம். ஏ.டி.எம்ல பணம் வராம அக்கவுண்டில மட்டும் கழிஞ்சுடுதே, அதுக்கு 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டுச்சு. அஞ்சு நாளைக்குள்ள பணத்தைத் திருப்பிப் போடணும், தவறினா தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், அதுவும் நாம கேக்காமலே தரணும். கர்நாடகாவுல சகாலான்னு ஒரு சட்டம் இருக்கு, 2011-ல போட்டு 2012-ல நடைமுறைக்கு வந்தது. குறிச்ச நாளுக்குள்ள சான்றிதழ் மாதிரியான சேவை கிடைக்கலைன்னா, ஒரு நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரைக்கும் விண்ணப்பிச்சவர் கேக்கலாம். 20 ரூபாய்ல ஒரு டீயும் வடையும்தான் வரும்ங்கிறீங்களா? வாஸ்தவம். ஆனா தொகை முக்கியமில்லை. "தாமதம்னா செலவு, அந்தச் செலவு எங்க பக்கம்"னு ஒரு ஆபீஸ் ஒத்துக்கிட்டு எழுதி வைக்குது பாருங்க, அதுதான் முக்கியம். அப்படி எழுதின அன்னிக்கே அந்தப் படிவம் தீர்ந்துபோகாம பார்த்துக்க ஆள் வந்துடும்.

நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, எந்த வேலைக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு வாசல்லயே பெரிய எழுத்துல, தமிழ்ல எழுதி வையுங்க. வரிசையோட முடிவுல சொல்ற விஷயத்தை வரிசையோட ஆரம்பத்துல சொன்னா பாதிப் பேர் ரெண்டாவது தடவை வர மாட்டாங்க. உங்க கூட்டமும் குறையும்.

ரெண்டு, சர்வர் இல்லை, ஓகே பண்றவர் இல்லைன்னா அதை வாசல்ல ஒரு பலகையில போடுங்க. சினிமா தியேட்டர்ல ஹவுஸ்புல் போர்டு வைக்கிற மாதிரி. உள்ளே வந்து மூணு மணி நேரம் உக்கார்ந்த பிறகு தெரிய வேண்டாம்.

மூணு, வாரத்துல ஒரே ஒரு நாளாவது சாயங்காலம் ஏழரை வரைக்கும் ஒரு கவுண்டர் திறந்து வையுங்க. அதுக்குப் பதிலா அந்த ஊழியர் மறுநாள் காலையில தாமதமா வரட்டும். ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க கூலி போகாம வேலையை முடிச்சுட்டுப் போவாங்க.

நம்ம பக்கமும் ஒரு வேலை இருக்கு. "நேரம் சரியில்லை"ன்னு சொல்றதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திட்டு, வீட்டுச் செலவு எழுதற நோட்டுல இன்னொரு வரி சேருங்க. பால், காய், பஸ்ஸுக்குக் கீழே, "அலைச்சல்"னு போட்டு, எத்தனை மணி நேரம் போச்சு, அதுல எவ்வளவு கூலி போச்சுன்னு எழுதுங்க. நான் மூணு மாசமா எங்க வீட்டு நோட்டுல எழுதிட்டு வர்றேன். முதல் மாசம் சிரிச்ச அம்மா, இப்ப அவங்களே ராத்திரி வந்து, "இன்னைக்கு ரேஷன் கடையில ஒரு மணி நேரம், எழுதிக்கோ கண்ணு"ங்கிறாங்க.

உங்க வீட்ல அந்த வரி எவ்வளவு வருது? எழுதிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.